ஓரிலட்ச ரூபாயும் ஒரு சொற்றொடரும்

1813ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமைப் பட்டயத்தைப் புதுப்பித்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 43ஆம் பிரிவு, இந்தியாவில் கல்விக்கென அரசு வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வழிவகுத்தது. தொகை ஓரிலட்ச ரூபாய்க்குக் குறையாதது. இந்தியக் கல்வி வரலாற்றை எழுதியோர் பலரும் இப்பிரிவைக் குறிப்பிடுகின்றனர். அதனைத் தொடர்ந்து எழுந்த கீழையியலார், ஆங்கிலவியலார் பூசலையும் விரிவாகப் பேசுகின்றனர். அப்பூசல் பெரும்பாலும் இரு நாகரிகங்களைப் பற்றிய கருத்து மோதலாகவே காட்டப்படுகிறது. அது கருத்து மோதல்தான். ஆயினும் அது நடந்த களம் ஓர் ஆங்கிலச் சொற்றொடரின் பொருள்கோள். எந்த மாணவருக்கு உதவித்தொகை, எந்த நூலுக்கு அச்சுச் செலவு, எந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஊதியம் என்பன அப்பொருள்கோளைப் பொறுத்தே முடிவாயின. இக்கட்டுரை அப்பிரிவை மொழியியல் நோக்கில் படித்து, அதன் விளைவு சென்னை மாகாணத்தில் தமிழுக்கு எவ்வாறு அமைந்தது என்பதை ஆராய முற்படுகிறது.

பிரிவின் வாசகம்

பிரிவு கூறும் நோக்கங்களைப் பின்வருமாறு தமிழாக்கலாம்: இலக்கியத்தை மீட்டெடுத்து மேம்படுத்துதல், இந்தியாவின் கற்றறிந்த சுதேசிகளுக்கு ஊக்கமளித்தல், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் வாழ்வோரிடையே அறிவியல்கள் பற்றிய அறிவைப் புகுத்தி வளர்த்தல். இவ்வாறு தமிழாக்கும்போதே ஒரு சிக்கலை மறைத்துவிட்டோம். ஆங்கில வாசகத்தில் ‘இந்தியாவின்’ என்னும் அடை இரண்டாம் தொடரின் இறுதியில் நிற்கிறது. அது ‘கற்றறிந்த சுதேசிகள்’ என்பதை மட்டும் தழுவுகிறதா, அதற்கு முன்னுள்ள ‘இலக்கியம்’ என்பதையும் சேர்த்துத் தழுவுகிறதா என்பது வாசகத்திலிருந்து தெளிவாகவில்லை. இரண்டையும் தழுவுமாயின் அங்குச் சுட்டப்படுவது இந்திய இலக்கியம். இல்லையேல் எந்நாட்டு இலக்கியமாகவும் இருக்கலாம். தமிழில் பெயரடை பெயருக்கு முன்னரே வருதலின் மொழிபெயர்ப்பாளர் இவ்விரட்டுறலை அப்படியே விட்டுவைக்க இயலாது. ‘இந்தியாவின்’ என்பதைத் தொடரின் தலையில் வைத்தால் கீழையியலாரின் பொருள் கிடைக்கும். ‘சுதேசிகள்’ என்பதற்கு முன் வைத்தால் மெக்காலேயின் பொருள் கிடைக்கும். ஆங்கிலத் தொடரமைப்பு 22 ஆண்டுகள் ஒத்திப்போட்ட முடிவைத் தமிழ்த் தொடரமைப்பு உடனே கேட்கிறது.

இரட்டுறல் இதோடு முடியவில்லை. மூன்றாவது நோக்கத்துக்கு முன் ஆங்கிலத்தில் ‘பொருட்டு’ எனப் பொருள்படும் முன்னிடைச்சொல் மீண்டும் ஒருமுறை வருகிறது. இதனால் இலக்கியமும் கற்றோரும் ஒரு தலைப்பாகவும் அறிவியல்கள் தனித் தலைப்பாகவும் பிரிகின்றன என்று வாதிட இடமுண்டு. ‘மீட்டெடுத்தல்’ என்பதோ முன்பு இருந்து நலிந்த ஒன்றைக் குறிக்கும் சொல். ‘மேம்படுத்துதல்’ என்பதற்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே செயப்படுபொருளைக் கொண்டு இணைக்கப்பட்டுள்ளன.

வினைமுற்றும் கருதத்தக்கது. ஆளுநர் நாயகம் தொகையை ஒதுக்கக் கட்டளையிடுவது ‘சட்டப்படி செல்லும்’ என்பதே வாசகம். ஒதுக்கியே தீரவேண்டும் என்பது அதன் பொருளன்று. அதுவும் படைச்செலவு, ஆட்சிச்செலவு, வாணிகச்செலவு, கடன்வட்டி அனைத்தும் போக எஞ்சும் உபரியிலிருந்து. இன்னொன்றையும் இடைப்பிறவரலாகக் குறிப்பிடலாம். நோக்கங்களைக் கூறும் சொற்களெல்லாம் ஆங்கில மரபிலிருந்து வந்தவை; இந்திய மொழிகளிலிருந்து அவ்வாசகத்தில் புகுந்த சொற்கள் ‘இலட்சம்’, ‘ரூபாய்’ என்னும் இரண்டே. தொகையைப் பற்றி எவரும் பூசலிடவில்லை.

செலவாகாத பத்தாண்டுகள்

இப்பிரிவுக்குப் பின்புலமாக இருந்தவற்றுள் ஒன்று 1811 மார்ச்சில் ஆளுநர் நாயகம் மிண்டோ எழுதிய குறிப்பு. இந்தியக் கல்வி நலிந்து வருகிறது, கற்றோர் எண்ணிக்கை குறைகிறது, ஆதரிப்போர் இன்மையே காரணம் என்பது அதன் சாரம். நதியாவிலும் திருகுத்திலும் வடமொழிக் கல்லூரிகள் தொடங்கலாம் என்றும் அதில் அவர் முன்மொழிந்தார். அக்குறிப்பை மனத்தில் கொண்டு 43ஆம் பிரிவைப் படிப்போருக்கு ‘மீட்டெடுத்தல்’ என்பதன் பொருள் ஐயமின்றி விளங்கும். 1814 சூனில் இயக்குநர் அவை எழுதிய முதல் விளக்க மடலும் வடமொழி நூல்களையும் காசிப் பண்டிதர்களையும் பற்றியே பேசியது. ஆயினும் சட்டத்தின் வாசகத்தில் நதியாவும் இல்லை, காசியும் இல்லை. சட்டம் இயற்றியோர் மனத்தில் இருந்ததும் சட்டத்தில் எழுதப்பட்டதும் வேறாக நிற்கும் இடம் இது. பின்னாளில் மெக்காலே தம் முழு வலிமையையும் இவ்விடத்திலேயே செலுத்தினார்.

‘செல்லும்’ என்னும் வினை இசைவளிப்பதாகவே அமைந்தமையால் பத்தாண்டுகள் தொகை முறையாகச் செலவிடப்படவில்லை. 1823 சூலையில் கல்கத்தாவில் பொதுக்கல்விக் குழு நிறுவப்பட்டு ஓரிலட்ச ரூபாய் அதன் பொறுப்பில் விடப்பட்டது. வடமொழி அறிஞர் எச். எச். வில்சன் அதன் செயலர். குழு ஏற்கெனவே இருந்த கல்கத்தா மதரசாவையும் காசி வடமொழிக் கல்லூரியையும் பேணியது. 1824இல் கல்கத்தா வடமொழிக் கல்லூரியைத் தொடங்கியது. அரபு, வடமொழி நூல்களை அச்சிட்டது. மேலை அறிவியல் நூல்களை அம்மொழிகளில் பெயர்க்கச் செய்தது. கல்லூரி தொடங்குமுன்பே, 1823 திசம்பரில், இராம்மோகன் ராய் ஆளுநர் நாயகம் ஆம்ஹர்ஸ்டுக்கு எழுதிய மடலில் இப்பணத்தைக் கணிதம், வேதியியல், உடற்கூறு முதலியவற்றைக் கற்பிக்கச் செலவிடுமாறு வேண்டினார். வடமொழியில் பெரும்புலமை உடைய ஒருவரே அவ்வாறு கேட்டமை அரசுக்கு உவப்பாக இல்லை. மடல் பயன் தரவில்லை. பிரிவின் மூன்றாம் நோக்கத்தை அதன் தனி வலிமையோடு எடுத்துக்காட்டிய இந்தியக் குரல்களுள் அது முதன்மையானது.

குழுவின் மொழிபெயர்ப்புப் பணி நம் துறையினரின் கவனத்துக்குரியது. மதுசூதன் குப்தர் ஊப்பரின் உடற்கூற்று நூலை வடமொழியில் பெயர்த்தார். அதே நூலை மருத்துவர் சான் டைட்லர் அரபு மொழியில் பெயர்த்தார். எலும்பு, நரம்பு, தசை ஆகியவற்றின் புதிய பகுப்புகளுக்குப் பழைய ஆயுர்வேத, யூனானிச் சொற்களை எடுத்தாள்வதா, புதியன ஆக்குவதா என்னும் வினா அவர்கள் முன் நின்றது. இந்தியாவில் அரசுப் பணத்தில் கலைச்சொல் ஆக்கம் நடந்த தொடக்கநிலை முயற்சிகளுள் இவை அடங்கும். ஆனால் அவை சென்றடைந்தது இரு செவ்வியல் மொழிகளைக் கற்ற சிறு வட்டத்தையே. வங்காளியில் நோயைச் சொல்லும் நோயாளிக்கும் அம்மருத்துவனுக்கும் இடையே இன்னொரு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. அதற்கு நல்கை இல்லை.

1835

மெக்காலே 1834இல் ஆளுநர் நாயகத்தின் அவையில் சட்ட உறுப்பினராக இந்தியா வந்தார். கல்விக் குழுவின் தலைமையும் அவருக்கு அளிக்கப்பட்டது. குழு ஐவருக்கு ஐவர் எனப் பிளவுபட்டுக் கிடந்தது. 1835 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பு ஆங்கிலக் கல்வி பற்றிய ஆவணமாகவே இன்று நினைவுகூரப்படுகிறது. அதில் உள்ள இறுமாப்பு மிக்க தொடர்கள் மேடைதோறும் மேற்கோளாகின்றன. குறிப்பின் முற்பகுதி மேற்கோளாவதில்லை. அது முழுக்க முழுக்கச் சட்டப் பொருள்கோள். நாடாளுமன்றச் சட்டத்தை மாற்றாமலே பணத்தின் போக்கை மாற்ற இயலுமா என்பதே அவர் முதலில் எடுத்துக்கொண்ட வினா.

அவருடைய விடை சுருக்கமாக இது. ‘இலக்கியம்’ என்பது அரபு, வடமொழி இலக்கியங்களை மட்டுமே குறிக்கும் என்று சட்டத்தில் இல்லை. மில்டனின் கவிதையும் லாக்கின் மெய்யியலும் நியூட்டனின் இயற்பியலும் அறிந்த இந்தியனுக்குக் ‘கற்றறிந்த சுதேசி’ என்னும் பெயரை மறுக்க நாடாளுமன்றம் கருதியிருக்காது. எகிப்தின் பாஷா தம் நாட்டில் இலக்கியத்தை மீட்டெடுக்கவும் கற்றோரை ஊக்கவும் பணம் ஒதுக்கினால், இளைஞர்கள் பழஞ்சித்திர எழுத்துகளை ஆண்டுக்கணக்கில் பயிலவேண்டும் என்றா அதற்குப் பொருள் கொள்வோம் என்று அவர் வினவினார். இறுதியாக, ‘அறிவியல்கள்’ பற்றிய தொடர் ஒன்றே தாம் கோரும் மாற்றங்களுக்குப் போதும் என்றார்.

பிப்ரவரி 15ஆம் நாளிட்ட குறிப்பில் எச். டி. பிரின்செப் மறுமொழி தந்தார். முன்பே உள்ளதைத்தான் மீட்டெடுக்க முடியும். இந்தியாவில் என்றும் இல்லாத ஆங்கில இலக்கியத்தை ‘மீட்டெடுத்தல்’ எங்ஙனம் என்பது அவர் வாதத்தின் மையம். 1813இல் ‘கற்றறிந்த சுதேசி’ என்ற தொடரைக் கையாண்டோர் யாரைக் கருதினர் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. மொழியியலார் நோக்கில் இருவரின் வேறுபாடு தெளிவானது. மெக்காலே சொல்லின் அகராதிப் பொருளை, அதன் முழு அகலத்தோடு எடுத்துக்கொண்டார். பிரின்செப் சொல் வழங்கிய சூழலையும் வழங்கியோர் கருத்தையும் எடுத்துக்கொண்டார். என் மதிப்பீட்டில் ‘மீட்டெடுத்தல்’ பற்றிய பிரின்செப்பின் வாதம் வலிமையானது. மெக்காலேயின் எகிப்து உவமை அதனை எதிர்கொள்ளாமல் பக்கவாட்டில் கடந்து செல்கிறது. ஆனால் ‘அறிவியல்கள்’ பற்றிய மெக்காலேயின் வாதத்துக்குப் பிரின்செப்பிடம் நேரான விடை இல்லை. அந்த அறிவு எம்மொழி வழியாகப் புகுத்தப்படும் என்று பிரிவு கூறவே இல்லை. மொழி பற்றிய பெரும்பூசல் எழுந்தது மொழியைக் குறிப்பிடாத ஒரு வாசகத்திலிருந்து.

மெக்காலே கணக்கும் காட்டினார். மூன்றாண்டுகளில் அரபு, வடமொழி நூல்களை அச்சிடச் சுமார் 60,000 ரூபாய் செலவாயிற்று. அதே மூன்றாண்டுகளில் விற்பனை வரவு 1,000 ரூபாயை எட்டவில்லை. 20,000 படிகளுக்கு மேல் அறைகளில் அடைந்து கிடக்கின்றன. பள்ளிநூற் கழகமோ ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ஆங்கில நூல்களை விற்று இலாபமும் காண்கிறது என்றார். விற்காத நூலுக்கு நல்கை எதற்கு என்னும் வினாவை இந்திய ஆவணங்களில் இவ்வளவு கூர்மையாக எழுப்பியவர் அவருக்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை. சந்தையில் விலைபோவதற்கு நல்கை வேண்டியதில்லை என்னும் எளிய மறுப்பை அன்றைய கீழையியலார் அழுத்திச் சொல்லாதது வியப்பே.

மார்ச் 7ஆம் நாள் ஆளுநர் நாயகம் பெண்டிங்கு வெளியிட்ட தீர்மானம் இருக்கும் கல்லூரிகளை மூடவில்லை. பயின்றுகொண்டிருந்த மாணவரின் உதவித்தொகையும் நிறுத்தப்படவில்லை. புதிதாகச் சேர்வோருக்கு உதவித்தொகை இல்லை. கீழை நூல்களை அச்சிடப் பணம் இல்லை. விடுபடும் தொகை ஆங்கிலம் வழியாக இலக்கியமும் அறிவியலும் கற்பிக்கச் செல்லும் என்பன அதன் கூறுகள். கல்கத்தா முஸ்லிம்கள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு முறையிட்டனர். பாதியில் நின்ற அச்சுப்பணிகளை வங்காள ஆசியக் கழகம் ஏற்றுக்கொண்டது. கல்கத்தா மகாபாரதப் பதிப்பு இவ்வாறுதான் 1839இல் நிறைவெய்தியது. பின்னர் இயக்குநர் அவை அக்கழகத்துக்கு மாதம் 500 ரூபாய் வழங்க இசைந்தது. ஆளுநர் நாயகம் ஆக்லந்து 1839 நவம்பர் குறிப்பில் கீழைக் கல்லூரிகளின் பழைய ஒதுக்கீட்டை உறுதிசெய்து பூசலைத் தணித்தார். ஒரு பக்கத்துக்குக் கொடுத்ததைப் பறிக்காமல் மற்றப் பக்கத்துக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுவது என்பதே அவர் கண்ட வழி. பொருள்கோள் சிக்கலைப் பணத்தால் தீர்த்தார் எனலாம்.

இத்தனை வாதத்திலும் இரு தரப்பாரும் ஒன்றுபட்ட ஓரிடம் உண்டு. மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியச் செல்வமோ அறிவியற் செய்தியோ இல்லை என்பதில் எல்லாரும் உடன்படுகின்றனர் என்று மெக்காலே எழுதினார். அதை எதிர்த்தரப்பு பெரும்பூசலாக்கவில்லை. வங்காளத்தில் இருந்துகொண்டு எழுதிய அவர்கள் கண்முன் தமிழ் இல்லை. ‘இலக்கியம்’ என்பதன் அகன்ற பொருளிலும் குறுகிய பொருளிலும் அடங்காத மொழியாயிற்று அது.

சென்னை மாகாணம்

43ஆம் பிரிவு வில்லியம் கோட்டையோடு புனித ஜார்ஜ் கோட்டையையும் பம்பாயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆயினும் சென்னையில் தமிழுக்கு அரசுப் பணம் வந்த வழி வேறு. 1812இல் எப். டபிள்யூ. எல்லிஸ் முன்னின்று நிறுவிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கம்பெனியின் இளம் அலுவலர்க்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க எழுந்தது. அங்குத் தலைமைத் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் அந்நூலின் இடம் யாவரும் அறிந்ததே. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்னும் கருத்தை எல்லிஸ் 1816இல் வெளியிட்டதும் அக்கல்லூரியின் சூழலிலேயே. இவை எவையும் ‘இலக்கியத்தை மீட்டெடுத்தல்’ என்னும் தலைப்பில் செலவு எழுதப்பட்டவை அல்ல. அலுவலர் பயிற்சி என்னும் ஆட்சிச் செலவில் அடங்கியவை. தமிழ் ஆட்சிக்குத் தேவையான கருவி என்ற அளவில் பணம் பெற்றது. அத்தேவை மாறியபோது பணமும் மாறக்கூடிய நிலை அதனால் வந்தது.

1822இல் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ மாகாணத்தின் பள்ளிகள் பற்றி மாவட்ட ஆட்சியரிடம் விவரம் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் காணப்படுகின்றனர். விடைகளுள் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பல் 1823 ஆகஸ்டில் எழுதியது தனித்தன்மை வாய்ந்தது. தம் மாவட்டத்திலுள்ள 533 பள்ளிகளுள் ஒன்றேனும் அரசின் ஆதரவு பெறவில்லை என்பதை வெட்கத்துடன் கூறுவதாக அவர் எழுதினார். முன்னைய அரசுகள் நிலவருவாயை விட்டுக்கொடுத்துக் கல்வியைத் தாங்கின என்றும் அந்த ஆதரவு அற்றுப்போயிற்று என்றும் அவர் சுட்டினார்.

கேம்பல் சுட்டிய அந்த விட்டுக்கொடுப்பே தமிழில் ‘மானியம்’ எனப்படுவது. மதித்தற்குரியது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்த இச்சொல் வரி நீக்கிய நிலத்தைக் குறித்தது. அரசு பணம் கொடுப்பதில்லை; தான் பெறவேண்டியதைப் பெறாமல் விடுகிறது. கல்வெட்டுகளின் ‘இறையிலி’ என்பது இதே கருத்தைத் தமிழ்ச்சொல்லால் நேரே கூறுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில் 340 மாணவர் கொண்ட கல்விச்சாலைக்கு 45 வேலி நிலம் கொடுக்கப்பட்டதை அறிகிறோம். வேதமும் வடமொழி இலக்கணமும் அங்குப் பாடங்கள். கொடையை எழுதிய மொழி தமிழ். கொடையால் பயிலப்பட்ட மொழி வடமொழி. அந்த ஊர்க் கோயிலில் திருவாய்மொழி ஓதுவாருக்குத் தனி நிவந்தம் இருந்தது. ஆக, தமிழ் பள்ளிக்கூடத்தின் கணக்கில் வராமல் வழிபாட்டின் கணக்கில் வந்தது. கோட்டைக் கல்லூரியில் அது அலுவலர் பயிற்சியின் கணக்கில் வந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

கலைஞருக்கான கொடை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இன்னும் நுட்பமாக வகுக்கப்பட்டுள்ளது. 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் ஆடலாசான்களுக்கும் இசைவாணருக்கும் பங்கு என்னும் அலகால் ஊதியம் குறிக்கப்படுகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவர் ‘யோக்யர்’ அல்லராயின் யோக்யரான வேறொருவரை அமர்த்தவேண்டும். 1014ஐ ஒட்டிய இக்கல்வெட்டில் குடிவழி உரிமைக்குத் தகுதி என்னும் சொல் வரம்பு கட்டுகிறது. அத்தகுதியை மதிப்பிடுவோர் அக்கலையினரே என்பதும் அமைப்பிலிருந்து விளங்கும். 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘கற்றறிந்த’ என்பதை மதிப்பிட்டவரோ கற்றோர் அல்லர்.

மானியம் நிலமாக இருந்தவரை அதன் சொற்பொருளைப் பற்றி ஆண்டுதோறும் வாதிட வேண்டியிருக்கவில்லை. 1858இல் சென்னையில் அமைந்த இனாம் ஆணையம் அந்நிலங்களை ஆராய்ந்து, தனிநபர் இனாம்களை நிலையான குறைவரிக்கு உட்படுத்தி உரிமையாக்கியபோது, புலமைக்குக் கொடுத்த நிலம் புலமையோடு கொண்ட தொடர்பு பல இடங்களில் அறுந்தது. நிலம் குடும்பச் சொத்தாயிற்று. ‘மானியம்’ என்னும் சொல் மட்டும் எஞ்சி, அரசு கொடுக்கும் ரொக்கத்துக்குப் பெயராயிற்று.

மன்றோவின் திட்டத்துக்குத் திரும்புவோம். மாவட்டந்தோறும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு தலைமைப் பள்ளிகள், ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். வட்டந்தோறும் ஒரு தாசில்தாரிப் பள்ளி, மாதம் 9 ரூபாய். பள்ளிநூற் கழகத்துக்கு மாதம் 700 ரூபாய். 40 தலைமைப் பள்ளிகளும் 300 தாசில்தாரிப் பள்ளிகளும் சேர ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகும் எனக் கணக்கிட்டார். தாய்மொழியில் கற்பிக்கும் சிற்றூர் ஆசிரியனுக்கு அரசு ஊதியம் என்பதே இதன் புதுமை. 1827இல் மன்றோ காலராவில் இறந்தார். 1828இல் இயக்குநர் அவை ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஈராண்டு கழித்து, 1830 செப்டம்பரில், மேல்வகுப்பாரின் உயர்கல்வியே முதன்மை என்று அதே அவை சென்னைக்கு எழுதியது. 1836இல் தாசில்தாரிப் பள்ளிகள் கைவிடப்பட்டன. கல்கத்தாவில் இரு செவ்வியல் மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் நடந்த பூசலின் முடிவு, அப்பூசலில் பங்கே இல்லாத தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பள்ளிகளின் ஒன்பது ரூபாயை எடுத்துக்கொண்டது.

தமிழில் அறிவியல் இயலாது என்பதற்கு மறுப்பு கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1850களிலிருந்து தம் மாணவருடன் சேர்ந்து உடற்கூறு, மகப்பேறு, இரண வைத்தியம் ஆகிய துறைகளில் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். 1860களில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். கல்கத்தாவில் வடமொழியிலும் அரபியிலும் உடற்கூற்று நூல் பெயர்க்கப்பட்டு ஒரு தலைமுறை கழியுமுன் அது நடந்தது.

நோக்கச் சொல்லிலிருந்து நிபந்தனைச் சொல்லுக்கு

1854 சூலையில் வந்த உட்டின் அறிக்கை நல்கையின் இலக்கணத்தையே மாற்றியது. எந்த இலக்கியம், எந்தக் கற்றோர் என்று அது வரையறுக்கவில்லை. நல்ல உலகியற் கல்வி தருதல், உள்ளூர் மேலாண்மை, அரசு ஆய்வுக்கு உட்படுதல், சிறிதேனும் கட்டணம் பெறுதல் ஆகிய நிபந்தனைகளை ஏற்கும் எந்தப் பள்ளியும் உதவிபெறலாம் என்றது. ‘உதவிபெறும் பள்ளி’ என்னும் தொடர் இம்முறையிலிருந்து பிறந்தது. இம்முறையின் நன்மை பெரிது. தமிழ்நாட்டின் பழம்பெரும் பள்ளிகள் பல இதனாலேயே நிலைபெற்றன.

ஆயினும் சொல்லின் ஆட்சி ஒழியவில்லை, இடம் மாறிற்று. சென்னை மாகாணத்தில் 1860களிலிருந்து பரவிய ‘தேர்ச்சிக்கேற்ற நல்கை’ முறையில் ஆய்வாளர் மாணவரைத் தனித்தனியே தேர்ந்து, படித்தல், எழுதுதல், கணக்கு என்னும் தலைப்புகளில் தேறியோர்க்கு இவ்வளவு என்று தொகை கணித்தார். திண்ணைப் பள்ளிகள் பல இதனால் அரசுக் கணக்கில் வந்தன. ஆத்திசூடியும் நிகண்டும் எண்சுவடியும் மனப்பாடமாகக் கற்பித்த ஆசிரியர், தொகை தரும் தலைப்புகளுக்கு ஏற்பத் தம் பாடத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. தலைப்பில் இல்லாத கல்விக்குத் தொகை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது.

விடுதலைக்குப் பின்

அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, மத, மொழிச் சிறுபான்மையினர் நிருவாகம் என்பதற்காக ஒரு கல்வி நிலையத்துக்கு ‘உதவி’ வழங்குவதில் வேறுபாடு காட்டலாகாது என்கிறது. 1953இல் தொடங்கி 1956இல் சட்ட அமைப்பான குழுவைத் தமிழில் ‘பல்கலைக்கழக மானியக் குழு’ என்றனர். பிறகு ‘நல்கைக் குழு’ என்ற வழக்கும் பரவியது. சட்டமன்றத்தில் துறைதோறும் வைக்கப்படுவது ‘மானியக் கோரிக்கை’. உழவருக்கு விலை குறைத்து வழங்குவது ‘உர மானியம்’. ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் நிற்குமிடத்தில் தமிழில் ஒரு சொல் நின்றமையால் ‘நல்கை’ தேவைப்பட்டது. இதனைத் தூய்மை நாட்டம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பொருள் வேறுபாட்டுத் தேவையும் அதில் உண்டு. ‘மானியம்’ சலுகை என்னும் சாயலைப் பெற்றுவிட்ட நிலையில், ஆய்வாளரும் கலைஞரும் பெறுவதைச் சலுகையென்று அழைப்பது தகாது என்னும் உணர்வும் அதற்குத் துணைநின்றிருக்கலாம்.

‘இலக்கியம் என்பது எது’ என்னும் 1835ஆம் ஆண்டு வினா ‘இலக்கியம் உடைய மொழி எது’ என்று உருமாறித் தொடர்கிறது. 1954இல் தொடங்கிய சாகித்திய அகாதெமி இன்று 24 மொழிகளை ஏற்கிறது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளோடு ஆங்கிலமும் இராசஸ்தானியும் சேர்ந்தவை அவை. ஏற்கப்படாத மொழிகளின் பணிக்கெனப் பாஷா சம்மான் 1996இல் ஏற்படுத்தப்பட்டது.

2004 அக்டோபர் 12ஆம் நாள் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபோது மீண்டும் ஒரு வாசகம் பணத்தோடு இணைந்தது. விருதுகள், உயராய்வு மையம், பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் என்பன அத்தகுதியின் பயன்கள். முதலில் தொன்மைக்கு ஆயிரம் ஆண்டு என்றிருந்த வரையறை 2005இல் 1,500 முதல் 2,000 ஆண்டு என உயர்ந்தது. பிற மொழிச் சமூகத்திடமிருந்து கடன் பெறாத சொந்த இலக்கிய மரபு வேண்டும் என்றொரு கூறும் இருந்தது. ‘சொந்தம்’, ‘கடன்’ என்னும் இரு சொற்களும் மொழியியலார் எளிதில் கையொப்பமிட இயலாதவை. 2024இல் வல்லுநர் குழு அக்கூறை நீக்கியது. கவிதையோடு உரைநடை நூல்களையும் கல்வெட்டுச் சான்றையும் சேர்த்தது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளி ஆகியவை செம்மொழிகளாயின. எண்ணிக்கை 11 ஆயிற்று. மெக்காலே காலத்தில் இலக்கியக் கணக்கில் வராத வங்காளி, கல்கத்தாப் பூசல் நடந்து 189 ஆண்டுகள் கழித்து அக்கணக்கில் வந்தது.

வரையறையின் இன்னொரு கூறு, செம்மொழிக்கும் அதன் பிற்கால வடிவத்துக்கும் இடையே தொடர்ச்சியறவு இருக்கக்கூடும் என்கிறது. அறாத் தொடர்ச்சியே தமிழின் தனிச்சிறப்பு என்று எழுதிவரும் நாம் இக்கூறைத் தமிழில் தரும்போது அந்தக் ‘கூடும்’ என்னும் துணைவினையைக் கவனமாகக் காக்கவேண்டும். அறவு இருந்தே தீரவேண்டும் என்று தோன்றுமாறு பெயர்த்தால், தமிழ் தன் நல்கைக்கு உரிய வாசகத்துக்கு வெளியே நின்றுவிடும். 1813ஆம் ஆண்டுப் பிரிவின் முதல் பத்தாண்டுகளை வெறுமையாக்கியதும் இதே வகை இசைவு வினைதான்.